கோவலனைக் கொன்றது ஊழா?

இரண்டாம் உலகத்தமிழ் மாநாட்டையொட்டி 1968-இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற கண்ணகி சிலை, ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி முறைகேட்டு நிற்கின்றது. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அஃது அகற்றப்பெற்றதும், தமிழுணர்வாளர்தம் கொதிப்புக்குப் பின் 2006-இல் மீண்டும் நிறுவப்பெற்றதும் நாடறிந்தவை. சிலை மீண்டது, அச்சிலை எழுப்பும் வினா மீளவில்லை.

அதற்கு அணித்தேயுள்ள திருமயிலையிலும், அப்பால் தியாகராயர் நகரிலும், பட்டிமன்றம் என்னும் பெயரால், ‘கோவலன் வீழ்ச்சிக்குப் பொறுப்பு மாதவியா, பொற்கொல்லனா, ஊழா?’ என்று மேடைதோறும் வினவுகின்றனர். நடுவர் நகைச்சுவை இரண்டு உதிர்த்து, ‘எல்லாம் விதி’ என முடிக்க, கேட்டோர் கைதட்டிக் கலைகின்றனர். அரியணையில் வீற்றிருந்தவன் பெயர் அவ்வினாவிலேயே இல்லை! உ.வே.சா. அவர்கள் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையுடன் அச்சேற்றினார். அவர் பெயர் தாங்கிய நூல்நிலையம் அடையாற்றை அடுத்த பெசன்று நகரிலேயே உள்ளது. மேடையேறுமுன் நூலைத் திறந்து பார்த்தலாகாதா?

கோவலனுக்கு நேர்ந்த வீழ்ச்சி ஒன்றன்று; இரண்டு. புகாரில் அவன் பொருளிழந்தான், மதுரையில் உயிரிழந்தான். இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதே பழியை இடம்மாற்றுவார்தம் முதற் சூழ்ச்சி.

பொருளிழந்ததற்கு அவனே பொறுப்பாளி. கட்டிய மனைவியைத் தனியே விட்டு முன்னோர் தேடிய செல்வத்தை அழித்தவன் அவன். கடற்கரையில் மாதவி பாடிய பாட்டைப் பிழைபட உணர்ந்து அவளைப் பிரிந்தவனும் அவனே. ஆனால், கோசிகன் கொணர்ந்த அவள் மடலைப் படித்தபின், தீது அவளதன்று, தன்னதே என்று அவன் தெளிந்ததாக இளங்கோவடிகள் பாடுகின்றார். அவளாற் கெட்டான் எனப்படுபவனே அவளை விடுவித்தபின், அவளை மீண்டும் கூண்டேற்ற இவர்கள் யார்?

பொருளிழந்தவன் இறக்கவேண்டும் என்பது எந்நாட்டு முறை? மனைவியின் சிலம்பை முதலாகக்கொண்டு வணிகம் செய்து புதுவாழ்வு தொடங்கவே அவன் மதுரை புகுந்தான். அங்கே அவனை வீழ்த்தியது எது? கோப்பெருந்தேவியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், தன் களவை மறைக்கக் கோவலனைக் கள்வன் என்றான். தேவியின் ஊடல் தணிக்க விரைந்த நெடுஞ்செழியன், அவன் கையில் சிலம்பு இருப்பின் கொன்று கொணர்க என்றான். இவன் தோற்றம் கள்வனுக்குரியதன்று எனக் காவலருள்ளும் தயங்கினார் உளர். அரசனோ ஒருநொடியும் தயங்கினானல்லன்.

அவன் கேட்டிருக்கவேண்டுவது ஒரே வினா: சிலம்பின் பரல் யாது? தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகி சிலம்பில் மாணிக்கம். கோவலன் மாண்டபின் அரசவையில் ஒருநொடியில் விளங்கிய உண்மை, அவன் மாளுமுன் விளங்கியிருக்கக் கூடாதா? இவ்விடத்தே ஊழுக்கு என்ன வேலை? ஆராயாமையே கொலைவாள்.

பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளுள் ஊழும் ஒன்றன்றோ என்பர். ஆம், ஒன்று. ஆனால் முதலாவது, அரசியலில் பிழைத்தார்க்கு அறமே கூற்றாகும் என்பது. ஊழே கோவலனைக் கொன்றதாயின் பாண்டியன் குற்றமற்றவன். குற்றமற்றவனை அறம் ஒறுக்குமோ? ஊழைக் காட்டி அரசனை விடுவிப்போர், அடிகள் முதலில் நிறுத்திய உண்மையையே பொய்யாக்குகின்றனர்.

கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பானாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்தான் என்று உரைத்தது யார்? மதுராபதி, பாண்டியர் குலத்தைக் காக்கும் தெய்வம். தன் குலத்தின்மேல் வந்த பழியைத் தணிக்க வந்தவள் கூற்று, நடுநிலைச் சான்றாகுமா? அக்கூற்றிலும், ஒற்றன் என்று ஒருவன் சொன்ன சொல்லை ஆராயாத அரசன் ஒருவன் சிங்கபுரத்தில் இருக்கின்றானே! அவளே, பிழையாகச் சிறைப்பட்ட வார்த்திகனைப் பாண்டியன் ஒருவன் விடுவித்துப் பொறுத்தருள வேண்டியதையும் சொல்கின்றாள். ஆராயும் மரபு அக்குடிக்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பழி இடம்மாறினால் விளைவது யாது? கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்கின்றது உரைபெறு கட்டுரை. களவு செய்தவன் ஒருவன், ஆராயாது ஆணையிட்டவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர்! ஒருவன் பொய்க்கு ஒரு தொழிற்குடியையே பொறுப்பாக்குவது முறையன்று. முன்னைக் கொலையினும் பெருங்கொலை.

இது பழங்கதை என்பார், 2025 சூன் திங்களை நினைக்க. மதுரைக்கு அணித்தேயுள்ள திருப்புவனம் மடப்புரத்தில், நகை காணவில்லை என்னும் முறையீட்டின்பேரில் பிடிக்கப்பெற்ற கோவிற்காவலர் ஒருவர் காவலர் பிடியிலேயே மாண்டார். காவலர் ஐவர் தளையிடப்பெற்றனர். காணாமற்போன அணி, ஆராயப்படாத குற்றச்சாட்டு, முறைமன்றம் காணாத உயிர். இதற்கும் முற்பிறப்புத் தேடுவரோ?

நெடுஞ்செழியன் தேடவில்லை. மாணிக்கப்பரல் தெறித்த அந்நொடியே, பொற்கொல்லன் சொற்கேட்ட தானே கள்வன் என்றான், உயிர்விட்டான். மாதவியைச் சுட்டவில்லை, ஊழையும் சுட்டவில்லை. பழியைத் தானே சுமந்ததனால் அவன் வளைந்த கோல் நிமிர்ந்தது என்கின்றார் அடிகள். கொன்றவனே ஒப்பிய குற்றத்தைப் பட்டிமன்ற நடுவர் மறைப்பதோ?

தமிழர்களே! இனி எம்மேடையிலேனும் ‘விதி’ என்று எவரேனும் முடித்தால், கைதட்டாதீர். எழுந்து நின்று, ‘ஆராய்ந்தானா அரசன்?’ என்று கேளுங்கள். கடற்கரையில் நிற்பவள் கேட்பதும் அதுவே.