ரெண்டே நாளில் தஞ்சாவூர் ஓவியம்!

எங்க ஊர்ல ஒரு கலைச் சங்கம் (பேர் வேணாம், விடுங்க). வெளியூர்லேர்ந்து ஓவியர் ஒருத்தரை வரவழைச்சு "இரண்டே நாளில் தஞ்சாவூர் ஓவியம்"னு பட்டறை நடத்தினாங்க. அதுவும் தஞ்சாவூர்லயே! கையில ஒரு பலகை கொடுத்தாங்க. கிருஷ்ணர் ஏற்கனவே வரைஞ்சாச்சு, மக்கு வெச்சு மேடும் எழுப்பியாச்சு. நாங்க கல்லு ஒட்டி, தங்க கலர் தாள் ஒட்டி, கலர் அடிச்சோம். ரெண்டாம் நாள் சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ.

இதுக்குப் பேர் பட்டறையா மக்களே?

பலகையில துணி ஒட்டணும். மேல மாவும் பசையும் குழைச்சுப் பூசணும், காயவிடணும், தேய்க்கணும், மறுபடி பூசணும். அப்புறம்தான் கோடு, கல்லு, மக்கு, தங்க ரேக்கு, கடைசியா வண்ணம். காயுற நேரத்துக்கே உங்க ரெண்டு நாள் பத்தாது. கஷ்டமான பாதியை வேற யாரோ முடிச்சு வெச்சிருந்தாங்க. விசாரிச்சா, உள்ளூர்க்காரர்தான். மேடையில அவருக்கு ஒரு நாற்காலி கூட இல்லை.

வெளியூர்க்காரரைக் கூப்பிட்டதுல எனக்கு வருத்தம் இல்லீங்க. இந்தக் கலையே அப்படி வந்ததுதானே? தெலுங்கு தேசத்துலேர்ந்து வந்த ராஜு சமூகத்து ஓவியர்கள், மராட்டிய மன்னர்கள் ஆதரவு, இரண்டாம் சரபோஜி (1798-1832) காலத்துச் செழிப்பு. ஆனா அவங்க வந்து தலைமுறை தலைமுறையா இங்கயே இருந்தாங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயில் ஏறலை.

பி.காம் படிக்கிறவன்கிறதால கணக்கும் பார்த்துடலாம். 2007-08ல தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. அது காப்பாத்துறது பேரை. அந்தப் பேர்ல இருக்குற குட்வில் மொத்தமும் கைவினைஞர் உழைப்பு. "ரெண்டு நாள்ல நானே போட்டேனே"ன்னு சொல்றவங்க பெருகினா, அடுத்த தடவை கடையில பேரம் எங்கேர்ந்து ஆரம்பிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

வர்ற விருந்தாளி இங்க இல்லாததைச் சொல்லிக் கொடுக்கட்டும். அறுப்புக்கு நிக்கிற வயலை வாட்டர் கலர்ல போடலாம், அச்சு ஓவியம் காட்டலாம். பெரிய கோயில்ல நாயக்கர் ஓவியத்துக்கு அடியில 1931ல வெளிப்பட்ட சோழர் சுவரோவியங்களைப் படம் போட்டு விளக்கலாம்; நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு அது இருக்குறதே தெரியாது. தஞ்சாவூர் ஓவியம்தான் வேணும்னா, உள்ளூர்ப் பட்டறையில ஆறு மாசம் ஞாயித்துக்கிழமை மட்டும் உட்கார வைங்க. முதல் மாசம் முழுக்க பலகை தேய்க்கட்டும். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி பக்கத்துலதானே இருக்கு? அங்கேர்ந்தும் கூப்பிடுங்க.

அடுத்த தடவை பணம் கட்டுறதுக்கு முன்னாடி அமைப்பாளர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: பலகையைத் தயார் பண்ணினது யாரு, அவருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?