கம்பி யாருடைய சொத்து?

கிருஷ்ணகிரி ஜில்லாவின் தென்மேற்கு மூலையில், காவிரிக் காடுகளின் ஓரமாய் இருக்கும் அஞ்செட்டிக்கும் ஓசூருக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரமே உண்டு. ஓசூரில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உற்பத்தியாகின்றன. கெலமங்கலத்துக்கு அருகே, உலகச் சந்தைக்குச் செல்லும் கைபேசிகளுக்கு உறுப்புகள் செய்யும் பெரிய ஆலை நடைபெறுகிறது. அவ்வாலையின் உறுப்பு அமைந்த கைபேசியே கையில் இருந்தாலும், அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கத்து மலைச் சிற்றூர்கள் சிலவற்றில் அலை கிடைக்குமிடம் தேடி மேட்டின்மேல் ஏற வேண்டியிருக்கிறது. இது வேடிக்கையன்று, இதற்குக் காரணம் யாது என்பதை நம் தேசத் தொண்டர்கள் ஆராய்தல் அவசியம்.

கம்பெனிக்காரர் டவர் நாட்டுவது லாபம் உள்ள இடத்தில். காடும் பள்ளமும் சூழ்ந்து, நூறு குடும்பம் வசிக்கும் இடத்தில் லாபம் இல்லை. இதற்காக அவர்களை வைவதில் பயனில்லை. வியாபாரி வியாபாரமே செய்வான். ஆயினும் சர்க்கார் அப்படிக் கைவிரிக்கலாகாது. ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்தல்லவோ அரிசி வாங்கவேண்டியிருக்கிறது? நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் வருகையையும் கைபேசிச் செயலியில் பதிய வேண்டுமென 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். இணையத்தைக் குடிமகனின் கடமையாக்கிய சர்க்கார், அதனை அவனுக்கு உரிமையாக்கவும் கடமைப்பட்டதேயாகும். இணைய வசதி கல்வியுரிமையின் ஓர் அங்கம் என்று கேரள ஹைகோர்ட் 2019-ம் ஆண்டிலேயே தீர்ப்புக் கூறியிருக்கிறது.

இதற்கென ஒரு நிதியும் உண்டு. 2002-ல் ஏற்பட்ட பொதுச்சேவை நிதிக்குத் தொலைபேசிக் கம்பெனிகள் தம் வருவாயில் நூற்றுக்கு ஐந்து செலுத்தி வருகின்றன. அதன் பெயர் 2023-ம் வருஷச் சட்டத்தால் டிஜிட்டல் பாரத் நிதி என மாறிற்று. கம்பெனிகள் தம் சட்டைப்பையிலிருந்து கொடுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நாம் ரீசார்ஜ் செய்யும் பணத்திலிருந்தே அது போகிறது. கிராமந்தோறும் ஒளியிழைக் கம்பி இழுக்கும் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2011-ல் அனுமதி தந்தது. பின்னர் அதுவே பாரத்நெட் ஆயிற்று. தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளுக்கும் தலைக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணைப்பளிக்க டான்பிநெட் என்னும் சர்க்கார் கம்பெனி 2018-ல் அமைந்தது. ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் பெறும் அதன் டெண்டர், நிபந்தனைகள் நியாயமாய் இல்லையென்ற புகாரின்பேரில், 2020 ஜூனில் மத்திய சர்க்காரால் ரத்தாயிற்று. காலதாமதத்தின் கதை இதுவே. பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் கைபேசியில் நடந்த அதே வருஷத்தில் இது நிகழ்ந்ததை நாம் மறப்பதற்கில்லை.

சர்க்கார் கம்பி வந்துவிட்டால் போதாதோ என்று கேட்பார் உளர். போதாதென்பதே நம் அபிப்பிராயம். இந்த ஜில்லாவின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு சிறு ரயில் பாதை திறந்தார்கள். பிறகு அது ஓசூர் வரை நீண்டது. யுத்த காலத்தில், 1941-ல், அதை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஜனங்களை யார் கேட்டார்கள்? கிருஷ்ணகிரிக்கு 1905-ல் வந்த பாதைக்கும் அதே கதிதான்; ஜில்லாவின் தலைநகருக்கு இன்றளவும் ரயில் இல்லை. ஆனால் தஞ்சையிலோ ஜில்லா போர்டார் தாமே வரி விதித்து, 1894-ல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ஒரு பாதை போட்டார்கள். வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி. பாதை போர்டாரின் சொத்து. அந்நிய ஆட்சியிலேயே ஒரு ஸ்தல ஸ்தாபனத்துக்கு இவ்வளவு இயன்றது.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என வைத்தார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை இறக்கிற்று. இறுதியில் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்வர். 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி இலவசமாய் இணையம் வழங்கியபோது நமக்கு அக்குடை ஞாபகம் வந்தது. ஒப்புமை முற்றும் பொருந்தாது. ஏழைக்கும் அதனால் இணையம் கிட்டியது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் கோலோச்சிய ஏர்செல் 2018-ல் திவாலாயிற்று. 2024 ஜூலையில் மூன்று பெரிய தனிக் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தின. போட்டி சுருங்கிய சந்தையில் இலவசம் எத்தனை நாள் நிற்கும்?

பிற தேசங்களில் நடப்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் கிராமத்தார் 2011-ல் சங்கம் அமைத்துப் பங்கு திரட்டினர். குடியானவர்கள் தம் வயல் வழியே இலவசமாக வழிவிட்டுத் தாமே கால்வாய் வெட்டிக் கம்பி புதைத்தனர். அமெரிக்காவில் சட்டனூகா நகரத்தின் மின்சார ஸ்தாபனம் 2010-ல் ஊர் முழுதும் ஜிகாபிட் வேகத்தில் இணைப்புத் தந்தது. அதன் பின்னும் அந்நாட்டு ராஜ்யங்கள் பல, கம்பெனிகளின் தூண்டுதலால், நகரசபைகள் இத்தொழிலில் இறங்காதபடி சட்டம் செய்து வைத்திருக்கின்றன. கேரள சர்க்கார் 2023 ஜூனில் மின்வாரியத்தோடு கூடி கே-போன் தொடங்கிற்று.

சட்டம் இடம் தருமோ என்பது அடுத்த கேள்வி. தொலைபேசியும் கம்பியில்லாத் தந்தியும் மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ‘பிற போக்குவரத்துச் சாதனங்கள்’ என்றிருப்பதைக் காட்டி ஊராட்சி வாதாடினால் தோற்கும். ஆயினும் 2020 டிசம்பரில் வந்த பிஎம்-வாணி ஏற்பாட்டின்படி, பொது வைஃபை நிலையம் நடத்துவோர்க்கு உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பதானால் உரிமம் பெற்றவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பால் சங்கம் நடத்தத் தெரிந்த ஊரார்க்கு, ஊராட்சியில் வந்து நிற்கும் கம்பியிலிருந்து மொத்தமாய் வாங்கிப் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வீடுகளுக்கும் பங்கிடுதல் தெரியாத வித்தையன்று. கேபிள் டிவிக்காரரையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பத்தில் ஏறி அறுந்ததை ஒட்டத் தெரிந்தவர் அவரே.

இடையூறும் உண்டு. யானை நடமாடும் காட்டில் கம்பம் சாயும். மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும். பழுது பார்க்கத் தேன்கனிக்கோட்டையிலிருந்து ஆள் வர ஒரு நாள் கழியும். ஊரிலேயே இரண்டு வாலிபர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் தருவதே இதற்கு வழி. அதற்கான செலவைச் சங்கத்தின் சந்தா முழுதும் தாங்காது. அரசின் மானியம் சில வருஷங்களுக்கேனும் வேண்டும். பெரிய ஆலைகளுக்கு நிலமும் நீரும் சலுகையும் தருகிற அரசு இதற்குக் கணக்குப் பார்த்தல் தகாது.

இவ்வளவும் செய்ய வேண்டிய ஊராட்சிகளின் நிலையோ பரிதாபம். இந்த ஜில்லாவின் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை நியமித்தார்கள். கிராம சபையோ எவராலும் கலைக்க முடியாதது. அது கூடும் நாளில் அஞ்செட்டிப் பக்கத்துத் தொண்டர்கள் மூன்று கேள்வி எழுப்பித் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்ய வேண்டும்: நம் ஊராட்சிக்குக் கம்பி வந்துவிட்டதா? வந்திருந்தால் உயிரோடு இருக்கிறதா? அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?