வரைபடத்தில் விடுபடும் அடுக்கு

2017 செப்டம்பர் 1 அன்று கிழக்கு தில்லியின் காஜிப்பூர் குப்பைமலை சரிந்தது. சாலையில் சென்ற வாகனங்கள் அருகிலிருந்த கால்வாய்க்குள் தள்ளப்பட்டன. இருவர் உயிரிழந்தனர். 1984இல் தொடங்கப்பட்ட அக்கிடங்கு 2002லேயே நிரம்பிவிட்டது. ஆயினும் மேலும் பதினைந்து ஆண்டுகள் அதன்மீதே குப்பை கொட்டப்பட்டு, அதன் உயரம் குதுப்மினாரின் 73 மீட்டரை நெருங்கிக்கொண்டிருந்தது.

விபத்துக்குப் பின் மாற்றிடம் தேடிய நிர்வாகத்தின் பார்வை முதலில் நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள ராணிகேடாவின்மேல் விழுந்தது. அவ்வூர் மக்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. அடுத்து, வடகிழக்கு தில்லியில் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் கோண்டா குஜ்ரான், சோனியா விகார் ஆகிய இடங்கள் முன்மொழியப்பட்டன. இரண்டும் யமுனைக் கரையை ஒட்டியவை. தில்லிக்குக் குடிநீர் வழங்கும் பெரிய சுத்திகரிப்பு நிலையமொன்றும் சோனியா விகாரிலேயே இயங்குகிறது. 2018இல் வழக்கை விசாரித்த உச்சநீதிமன்றம், எளிய மக்களின் வீட்டெதிரே கொட்டும் குப்பையைத் துணைநிலை ஆளுநரின் மாளிகை முன் ஏன் கொட்டக்கூடாது என்று வினவும் நிலை ஏற்பட்டது.

இத்தகைய இடங்கள் தகுதியற்றவை என்பதை அறிய நீதிமன்றம் வரை செல்லவேண்டியதில்லை. ஒரு வரைபடம் போதும். அப்போது நடைமுறையிலிருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெளிவாகவே வரையறுத்திருந்தன. ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தொலைவு வேண்டும். நூறாண்டுப் பதிவுகளின்படி வெள்ளம் பாயும் சமவெளியிலும் சதுப்பு நிலத்திலும் கிடங்கு அமையவே கூடாது. சென்னையின் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீதே வளர்ந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

புவியியல் தகவல் அமைப்பு எனப்படும் மென்பொருள் இவ்விதிகளை வரைபடமாக்குகிறது. ஆறுகள், சாலைகள், குடியிருப்புகள், மண்வகை, நிலச்சரிவு, நிலத்தடி நீரின் ஆழம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்படுகிறது. ஆற்றைச் சுற்றி 100 மீட்டர், கிணற்றைச் சுற்றி 200 மீட்டர் என விலக்கு வளையங்கள் வரையப்படுகின்றன. வளையங்களுக்குள் அகப்படாத நிலங்களே எஞ்சும். இதுவரை நடப்பது அறிவியல். இதை எதிர்ப்பதற்கு உழைக்கும் மக்களுக்குக் காரணம் ஏதுமில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. எஞ்சிய நிலங்களுள் எது சிறந்தது என்று தேர்ந்தெடுக்க, ஒவ்வோர் அளவுகோலுக்கும் ஓர் எடை தரப்படுகிறது. அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை மதிப்பெண் வழங்கும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர் 1970களில் வகுத்தது அது. நிலத்தடி நீருக்கு எவ்வளவு எடை? நிலவிலைக்கு எவ்வளவு? லாரியின் டீசல் செலவுக்கு எவ்வளவு? இவற்றைக் கணிப்பொறி முடிவு செய்வதில்லை. அறைக்குள் அமர்ந்திருக்கும் சிலரே முடிவு செய்கின்றனர். நிலவிலைக்கு எடையைக் கூட்டினால் வரைபடம் தானாகவே ஏழைகளின் பக்கம் திரும்பும். ஏனெனில் நிலம் மலிவாகக் கிடைப்பது அங்கேதான்.

அடுக்குகளிலேயே விடுபடுவனவும் உண்டு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம், நிலமற்றோரின் மேய்ச்சல் நிலமாக இருக்கக்கூடும். அங்கீகாரம் பெறாத குடியிருப்புகளும் குடிசைப்பகுதிகளும் அரசு வரைபடத்தில் குடியிருப்பாகப் பதிவாகாவிடில், அவற்றைச் சுற்றி 200 மீட்டர் வளையம் வரையப்படாது. மக்கள் கண்முன்னே வாழ்ந்துகொண்டிருக்க, வரைபடமோ அவ்விடத்தை வெற்றிடம் என்று காட்டும். பின்னர் எதிர்ப்புக் குரல் எழும்போது, ‘கணிப்பொறியே தேர்ந்தெடுத்த இடம்’ என்ற விடை ஆயத்தமாக இருக்கும்.

‘எங்கள் ஊரில் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னால் குப்பை எங்கே போகும்?’ என்ற கேள்வி நியாயமானதே. அதற்குக் கேரளத்தின் ஆலப்புழை நகரம் ஒரு விடை தந்தது. அந்நகரின் குப்பை சென்று சேர்ந்த சர்வோதயபுரம் மக்கள் 2012இல் லாரிகளைத் தடுத்து நிறுத்தினர. வேறொரு கிராமத்தைத் தேடுவதற்கு மாறாக, அப்போது சட்டமன்ற உறுப்பினராயிருந்த தாமஸ் ஐசக் முன்னின்று, வீடுதோறும் குப்பையைத் தரம்பிரித்து ஆங்காங்கே உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றும் திட்டம் செயலாக்கப்பட்டது. மக்கும் குப்பையை ஊரிலேயே கையாண்டால், கிடங்குக்குச் செல்வது எஞ்சிய சிறு பகுதி மட்டுமே. கிடங்கு சிறுத்தால் அதற்கான இடத்தேர்வும் எளிதாகும். ஒரு கிராமத்தின் தலையில் நகரமே ஏறி உட்காராது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. எந்த அடுக்குகள் சேர்க்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் என்ன எடை தரப்பட்டது என்ற விவரம் உள்ளூர் மொழியில் வெளியிடப்பட வேண்டும். பதிவேட்டில் இல்லாத குடியிருப்புகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அப்பகுதி மக்களே வரைபடத்தில் குறிக்க வழிசெய்ய வேண்டும். ஏற்கெனவே ஒரு கிடங்கைச் சுமக்கும் பகுதி மீண்டும் தேர்வாகாதபடி அதற்கும் ஒரு விலக்கு வளையம் வரைய வேண்டும். குப்பை பொறுக்கிப் பிழைக்கும் தொழிலாளரின் வாழ்வாதாரமும் ஓர் அடுக்காக இடம்பெற வேண்டும். இவற்றுக்குப் பின்னரே பொதுவிசாரணை நடத்த வேண்டும்.

இந்தக் கருவி அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கின்றன. மாணவர்களும் இளைஞர்களும் அறிவியல் இயக்கத்தினரும் இதைக் கற்றுத் தம் பகுதியின் வரைபடத்தைத் தாமே வரைய இயலும். அடுத்த முறை ‘கணிப்பொறி தேர்ந்தெடுத்த இடம்’ என்று ஓர் அதிகாரி வரைபடத்தை விரிக்கும்போது, எதிரே அமர்ந்திருக்கும் மக்களின் கையிலும் ஒரு வரைபடம் இருக்கட்டும்.