ரயிலேறும் பெற்றோருக்கும் பள்ளியில் இடம் வேண்டும்

பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டுமானால் பெற்றோர் அக்கறை காட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அரசியல் சட்டமே அதை ஒரு கடமையாக வகுத்திருக்கிறது. 2002ஆம் ஆண்டில் நிறைவேறிய 86ஆவது திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்றும் 51ஏ பிரிவில் சேர்த்தது.

ஆனால், அந்தக் கடமையை எந்த நேரத்தில், எந்த மொழியில், எந்த வசதியைக் கொண்டு நிறைவேற்றுவது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. மாலையில் பிள்ளையுடன் அமர்ந்து வீட்டுப்பாடத்தைக் கவனியுங்கள். உறங்கப் போகும் முன் ஒரு கதையாவது படித்துக் காட்டுங்கள். ஆசிரியரை அடிக்கடி சந்தியுங்கள் என்று அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. இவை நல்ல அறிவுரைகள்தாம். ஆனால், மாலையில் வீட்டில் இருக்கக்கூடிய, பாடநூலின் மொழியைப் படிக்கத் தெரிந்த பெற்றோரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. கோலார் தங்கவயலில் அத்தகைய பெற்றோர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு நவீன முறையில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. அன்று முதல் வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் தலித் குடும்பங்கள், சாரி சாரியாகச் சென்று அந்த மண்ணில் குடியேறின. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்கம்பி இழுத்து வெளிச்சம் பெற்ற ஊர் அது. ஒரு காலத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கு வேலை பார்த்தனர். நூறாண்டுகளுக்கும் மேலாக நாட்டுக்குத் தங்கம் தந்த அந்தச் சுரங்கங்களை, மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது.

சுரங்கம் மூடப்பட்டதோடு அங்குள்ள குடும்பங்களின் நாள் ஒழுங்கும் மாறிப்போனது. சுரங்கத்தில் ஷிப்ட் முறை கடுமையானதுதான். ஆனால் வேலை முடிந்த தந்தை சில நிமிட நடையில் வீடு சேர்ந்துவிடுவார். இன்றோ, மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் போன்ற பகுதிகளில் வாழும் ஏராளமானோருக்கு வேலை இருப்பது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவில். விடியும் முன் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெருநகரம் சென்று, காவலாளியாக, துப்புரவுப் பணியாளராக, ஆயத்த ஆடைத் தொழிலாளியாக உழைத்துவிட்டு இரவில்தான் திரும்புகிறார்கள். போகவும் வரவும் மட்டுமே நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் செலவாகிறது. பெற்றோர் புறப்படும்போது பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் திரும்பும்போது உறங்கப் போய்விடுகிறது.

இத்தகைய பெற்றோரைப் பார்த்து, பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்வது எளிது. பல பள்ளிகளில் அவ்வாறு சொல்லவும் செய்கிறார்கள். உண்மையில், அந்த ரயிலில் ஏறுவதற்கே பிள்ளையின் படிப்புதான் காரணம். பள்ளிக் கட்டணமும், டியூஷன் கட்டணமும் அந்தக் கூலியிலிருந்துதான் வருகின்றன. அக்கறை இருக்கிறது, அதைப் பிள்ளையிடம் காட்டுவதற்கான நேரம்தான் இல்லை.

நேரத்துக்கு அடுத்தபடியாக மொழி குறுக்கே நிற்கிறது. தங்கவயலின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ். மாநிலத்தின் மொழி கன்னடம். பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுப்பதோ பெரும்பாலும் ஆங்கில வழிப் பள்ளி.

இந்த மூன்று மொழிகளையும் சுற்றி நடந்த வழக்குகளும் சட்டங்களும் ஏராளம். ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் கற்பிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 1994இல் ஆணையிட்டது. அதை எதிர்த்து நடந்த சட்டப் போராட்டம் இருபது ஆண்டுகள் நீடித்தது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பயிற்று மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கும் பிள்ளைக்குமே உரியது, அரசு அதைத் திணிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பின்னர், 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி, 2017-18 கல்வியாண்டு முதல் படிப்படியாக எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயமாக்கப்பட்டது.

கர்நாடகத்தில் வாழும் பிள்ளை கன்னடம் கற்பது அவசியம். அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தை விரும்பும் பெற்றோரைக் குறை கூறவும் முடியாது. சுரங்கம் மூடப்பட்டபின், ஆங்கிலம் பேசத் தெரிந்தவனுக்கே பெங்களூருவில் நல்ல வேலை என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள். ஆனால் இந்தத் தேர்வுக்கு ஒரு விலை உண்டு. பாடநூலைத் திறந்தால் தனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதால், பிள்ளையின் படிப்பிலிருந்தே பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். "எனக்கென்ன தெரியும், டியூஷன் டீச்சரைக் கேள்" என்பது பல வீடுகளில் நிரந்தரமான பதிலாகிவிடுகிறது.

இங்குதான் பெற்றோருக்கு ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடம் எந்த மொழியில் இருந்தாலும், அதைப் பற்றிப் பேச வீட்டு மொழி போதும். இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டு, பிள்ளை அதைத் தமிழில் விளக்கும்வரை பொறுமையாகக் கேட்பது ஒரு பயிற்சி. விளக்க முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது. விளக்க முடியாவிட்டால் மனப்பாடம் மட்டுமே செய்திருக்கிறது. இதைக் கண்டறிய ஆங்கிலமோ பட்டமோ தேவையில்லை. இரவு உணவின்போது பத்து நிமிடங்கள் இதற்குப் போதும்.

தங்கள் வாழ்க்கைக்கும் பாடநூலுக்கும் தொடர்பில்லை என்று தங்கவயல் குடும்பங்கள் நினைப்பதும் சரியல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. அதன் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆழம் கூடக்கூட வெப்பம் ஏன் கூடுகிறது, அவ்வளவு ஆழத்துக்குக் காற்றை எப்படிச் செலுத்தினார்கள், பாறை ஏன் திடீரென வெடிக்கிறது என்பவை எல்லாம் அறிவியல் கேள்விகள். அவற்றைத் தம் உடலால் அறிந்த தாத்தாக்கள் இன்னும் அந்தக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். 1965இல் அதே சுரங்கத்தின் ஆழத்தில்தான், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினர் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ துகள்களின் தடத்தைப் பதிவு செய்தார்கள். உலக இயற்பியல் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்வு அது. தங்கவயலைக் களமாகக் கொண்ட திரைப்படங்கள் அண்மைக் காலத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றன. அந்தப் படங்களைப் பார்த்த எத்தனை பிள்ளைகளுக்கு, தங்கள் தாத்தா இறங்கிய சுரங்கம் ஓர் ஆய்வுக்கூடமாகவும் இருந்தது என்பது தெரியும்? ஊரின் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளரை வகுப்பறைக்கு அழைத்துப் பேச வைத்தால், பாடமும் சிறக்கும். குடும்பத்தின் மதிப்பும் பிள்ளையின் கண்ணில் உயரும்.

கல்வியை ஊரே சேர்ந்து சுமக்கும் வழக்கம் தங்கவயலுக்குப் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இயங்கின. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914இல் அவர் மறைந்தபின் தங்கவயல் அன்பர்களின் முயற்சியால் மீண்டும் வெளிவந்தது, ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராக இருந்தார். அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்து நமக்குக் காப்பாற்றித் தந்தது அங்குள்ள சித்தார்த்தா புத்தகசாலை. பாதாளத்தில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து பத்திரிகை நடத்தினார்கள், சங்கத்தில் கூடிப் படித்தார்கள், விவாதித்தார்கள். தனித்தனி வீடுகளால் முடியாததைச் சங்கம் செய்தது என்பதே அந்த வரலாறு தரும் பாடம்.

இன்று அந்தச் சங்கத்தின் இடத்தில் சட்டம் ஒரு குழுவை வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தரப்பட வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், அரசு தரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் பணி. கர்நாடகத்தில் இத்தகைய குழுக்கள், அச்சட்டத்துக்கு முன்னரே, 2001 முதல் அரசாணையின் வழியே இருந்து வருகின்றன. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, ஆசிரியர்கள் பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகையையும் கற்றல் திறனையும் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. படிக்காத பெற்றோர் என்பதற்காக ஒரு பிள்ளையைப் புறக்கணிக்க எந்தப் பள்ளிக்கும் உரிமை இல்லை.

ஆனால் இதில் பெற்றோர் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. 21ஆவது பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. உதவி பெறும் பள்ளிகளிலும், சிறுபான்மையினர் பள்ளிகளிலும் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்துவிட்டது. எனவே, ஆங்கில வழியை நாடி அரசுப் பள்ளியை விட்டு வெளியேறும் பெற்றோர், பயிற்று மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறார்கள். பள்ளியைக் கேள்வி கேட்கும் உரிமையை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். அதன்பின் அவர்கள் கட்டணம் செலுத்துபவர்கள் மட்டுமே. இந்த வேறுபாட்டை எந்தக் கட்சியும் பெற்றோருக்கு விளக்கியதாகத் தெரியவில்லை.

அரசுப் பள்ளியில் எஞ்சியிருக்கும் பெற்றோருக்கும் இந்த உரிமை ஏட்டளவில்தான். குழுக் கூட்டமும் பெற்றோர் சந்திப்பும் வேலை நாளில், காலை 11 மணிக்கு நடந்தால், பெங்களூருவில் இருக்கும் தாய் எவ்வாறு கலந்துகொள்வார்? ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். முடிவில், ஊரில் இருக்கும் சிலர் கையெழுத்திட, தீர்மானங்கள் நிறைவேறுகின்றன.

தலைநகர் தில்லிவாழ் தமிழர்களுக்கும் இந்தச் சிக்கல் அந்நியமானதல்ல. ஜங்புராவில் இருந்த மதராசி கேம்ப் குடியிருப்பு, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. மாற்று வீடு பெறத் தகுதி உள்ளவர்களாக அறியப்பட்டோருக்கு நகரின் மறுகோடியில் உள்ள நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. வேலை ஓரிடம், வீடு வேறிடம், பிள்ளையின் பள்ளி மூன்றாவது இடம் என்றாகும்போது முதலில் பலியாவது படிப்புதான். அதே தில்லியில், அரசுப் பணிக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் 1920களில் கூடி எடுத்த முயற்சி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து இன்று 7 பள்ளிகளை நடத்துகிறது. பெற்றோர் அமைப்பாகத் திரண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

தங்கவயலுக்குத் தேவைப்படுவது பெரிய திட்டம் எதுவுமில்லை. முதலாவதாக, அங்குள்ள பள்ளிகளின் குழுக் கூட்டங்களும் பெற்றோர் சந்திப்புகளும் ஞாயிற்றுக்கிழமையில் நடத்தப்பட வேண்டும். அதற்காக ஆசிரியர்களுக்கு வேறொரு நாளில் ஈட்டு விடுப்பு தரலாம். இரண்டாவதாக, குடியிருப்புகளில் பயன்பாடின்றிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களில் மாலைப் படிப்பகங்கள் திறக்கப்பட வேண்டும். தமிழகத்தில் 2021இல் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், ஊரில் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டே மாலை வகுப்புகளை நடத்த முடியும் என்பதைக் காட்டியது. மூன்றாவதாக, மொழிவழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்குப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் கூறி வருகிறது. தமிழ் வழியில் பயில விரும்பும் பிள்ளை ஒன்று இருந்தாலும், ஆசிரியர் இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பெற்றோரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். பத்து நிமிட உரையாடலுக்குப் பணம் தேவையில்லை. ஆண்டுக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளைப் பள்ளிக்கு ஒதுக்கலாம். குழு உறுப்பினர் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். தானே போக முடியாத நாளில், பக்கத்து வீட்டாரைத் தன் சார்பில் கேள்வி கேட்கச் சொல்லலாம்.

1930இல், தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்தி விரல் ரேகை பதியச் சொன்ன முறையை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் மானத்துக்காக அன்று அவர்கள் ஒன்றுபட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பள்ளிக் குழுக்களில் இன்று படித்துப் பாராமலே கையெழுத்திடப்படும் தீர்மானங்களும் அதே அளவுக்கு மானப் பிரச்சினைதான். அந்தத் தீர்மானங்களைப் படித்து, கேள்வி கேட்டு, அதன்பின் கையெழுத்திடும் பெற்றோர் உருவாக வேண்டும். அதற்கான நேரத்தை அவர்களுக்கு அளிக்க வேண்டியது, சுரங்கத்தை மூடி அவர்களை ரயிலேற்றிய அரசின் கடமை.