‘பூச்சிமருந்து’: எந்த நோய்க்கு மருந்து?

காய்ச்சல் மருந்து காய்ச்சலைத் தீர்ப்பது. இருமல் மருந்து இருமலைத் தீர்ப்பது. ‘பூச்சிமருந்து’ என்னும் தொகையில் நோயின் இடத்தில் பூச்சி நிற்கிறது. தெலுங்கின் ‘புருகுல மந்து’, வயலில் தெளிப்பதைக் குறிக்கும் இந்தியின் ‘தவா’ ஆகியவையும் நஞ்சை மருந்தாக்கும் சொற்களே. பூச்சியே நோய் என்றான பின், தேனீயும் அதில் அடங்குமா என்ற கேள்வி எழுவதில்லை.

அக்கேள்வியை எழுப்ப வேண்டிய பல்கலைக்கழகங்களே இன்று ‘தேனீக்களுக்கான தோட்டம்’ என்று பதாகை நட்டு, பூத்த தொட்டிச்செடிகளைப் பண்ணைகளிலிருந்து வாங்கி அடுக்குகின்றன. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற நியோநிக்கோட்டினாய்டுகள் மழையில் கழுவப்பட்டுப் போகிறவை அல்ல. செடியால் உறிஞ்சப்பட்டுச் சாற்றோடு பரவி, மகரந்தத்தையும் பூந்தேனையும் அடைபவை. தொட்டிச்செடியில் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியவை. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மகரந்தச் சேர்க்கையாளர்களுக்கு உகந்தவை என விற்கப்பட்ட அலங்காரச் செடிகளில் சுமார் 70 விழுக்காட்டில் இவ்வெச்சம் இருந்தது.

‘எச்சம் மிகக் குறைவுதானே’ என்பது வழக்கமான மறுப்பு. யாருக்குக் குறைவு? ஒரு தேனீயைக் கொல்லச் சில நானோகிராம் இமிடாகுளோபிரிட் போதும். கொல்லாத அளவும் தீங்கற்றதன்று. தயாமீத்தாக்சம் உண்ட தேனீக்களில் பல, கூட்டுக்கு வழி தெரியாமல் தொலைந்துபோவதை 2012இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டையும் குளோத்தியானிடினையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடைசெய்தது.

இந்தியாவிலோ 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் புட்டியின் மேல் ஒட்டும் சீட்டோடு நின்றுவிடுகிறது. அச்சீட்டின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்களும் ஆய்வக விலங்குகளுக்கான நச்சுத்தன்மையைக் கொண்டு வகுக்கப்பட்டவை. தேனீயைக் கொண்டு அல்ல. எச்ச வரம்புகள் உணவுப்பொருளுக்கு உரியவை; அலங்காரச் செடி அவற்றுக்கு வெளியே நிற்கிறது. ஆந்திரத்தின் கடியம் போன்ற ஊர்களிலிருந்து நாடெங்கும் செல்லும் தொட்டிச்செடிகள், தம்மேல் தெளிக்கப்பட்டது எது என்று சொல்லக் கடமைப்பட்டவை அல்ல.

சிறு பண்ணையாளரின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்பார்கள். புழு அரித்த ஓர் இலையைக் கண்டாலே செடியைத் திருப்பியனுப்பும் கொள்முதல் குழுக்களே அவரைத் தெளிக்க வைக்கின்றன. முதலில் திருந்த வேண்டியவை அக்குழுக்களே. எந்த இரசாயனம், எந்த நாளில் இடப்பட்டது என்ற விவரத்தை ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். துளசியையும் தும்பையையும் வளாகத்திலேயே விதையிட்டு வளர்க்கலாம். இவற்றில் ஒன்றையேனும் செய்யும்வரை, அந்தப் பதாகைகளை இறக்கி வைப்பதே நேர்மை.