உலை கொதிக்கும் முன்னே

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தானே அமெரிக்கர்கள் கருத்துக் கணிப்பு என்ற பெயரில் செய்கிறார்கள்? அதில் என்ன குற்றம் கண்டீர்கள்?" என்று கேட்டார் என் நண்பர் ஒருவர். நானூறு பேரைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டு, ஏழு லட்சம் பேர் வாழும் ஒரு தொகுதியின் மனத்தைச் சொல்லிவிடும் சாமர்த்தியத்தில் அவர் சொக்கிப்போயிருந்தார்.

அந்தப் பழமொழியில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் அதைச் சொன்னவள் அடுப்படியில் நின்று பழகியவள். அரிசியைக் களைந்து உலையில் போட்ட மறுநிமிஷமே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, "இது வேகாத அரிசி" என்று அவள் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பி அடுப்பையும் அணைத்துவிட்டால் அரிசி எப்படி வேகும்? அமெரிக்கக் காங்கிரஸ் தொகுதிகளின் கட்சித் தேர்தலில், பல மாதங்களுக்கு முன்பே வெளியாகும் கணிப்புகள் இந்தக் காரியத்தைத்தான் செய்கின்றன.

அந்தத் தேர்தல் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யும் வழக்கம் அங்கேயும் இருந்தது. அதை எதிர்த்து, விஸ்கான்சின் மாநிலத்தில் லா ஃபாலெட் என்பவர் போராடி, 1903-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். வேட்பாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று பிரைமரி என்று வழங்குவது இதுதான். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கட்சியின் கோட்டைகள். அங்கெல்லாம் நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. பிரைமரியே உண்மையான தேர்தல். தலைவர்களின் கூடத்திலிருந்து மீட்டு மக்களிடம் ஒப்படைத்த அந்த உரிமையை, இப்போது கணிப்புக்காரர்களின் தொலைபேசி பறித்துக்கொண்டு போகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

எப்படி என்கிறீர்களா? தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள். ஒன்று, இருபது வருஷமாகச் சபையில் இருப்பவரின் பெயர். மற்றொன்று அவர் கேள்விப்பட்டே இராத பெயர். யாருக்கு ஓட்டு என்றால் தெரிந்த பெயரைத்தானே சொல்வார்? அது அறிமுகம், தீர்ப்பு ஆகாது. ஆனால் மறுநாள் பத்திரிகையில் அது தீர்ப்பாகவே அச்சாகிறது. பணம் கொடுப்பவர்கள் அதைப் பார்த்துப் பையை மூடிக்கொள்கிறார்கள். ஆதரிக்க நினைத்த சங்கங்கள் ஜெயிக்கிற குதிரையின் பக்கம் ஒதுங்குகின்றன. பணமில்லாத புதியவர் விளம்பரம் செய்ய முடிவதில்லை. விளம்பரமில்லாததால் அவர் பெயர் பரவுவதில்லை. பரவாததால் அடுத்த கணிப்பிலும் அவர் கீழேயே கிடக்கிறார். "நான் அப்போதே சொன்னேனே!" என்று கணிப்புக்காரர் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

ஐந்தாறு பேர் போட்டியிடும் இடங்களில் கொடுமை இன்னும் அதிகம். நானூறு பேரைக் கேட்கும் கணிப்பில் ஐந்து சதவீதம் வரை பிழை நேரலாம் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, பதினொரு சதவீதம் வாங்கியவரை இரண்டாமவர் என்றும், ஒன்பது வாங்கியவரை மூன்றாமவர் என்றும் வரிசைப்படுத்தி, "ஓட்டைப் பிரிக்காமல் விலகிக்கொள்" என்று மூன்றாமவருக்கு உபதேசம் செய்வது என்ன நியாயம்? இந்தக் கணிப்புகளில் பலவற்றுக்குக் கூலி கொடுப்பவர்களும் வேட்பாளர்களே. சாதகமானதை வெளியிடுவார்கள், பாதகமானதைப் பெட்டியில் பூட்டுவார்கள்.

என் நண்பர் விடவில்லை. "கணிப்பு அவ்வளவு வலியது என்றால், அது பொய்த்த கதைகள் எப்படி வந்தன?" என்றார்.

வந்தது உண்மைதான். 2014-இல் வர்ஜீனியாவின் ஏழாவது தொகுதியில், சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான எரிக் காண்டரை டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் எதிர்த்தார். காண்டர் 34 புள்ளி முன்னணியில் இருப்பதாக அவருடைய சொந்தக் கணிப்பு கூறியது. அவர் செலவழித்தது ஐம்பது லட்சம் டாலருக்கு மேல். பிராட் செலவழித்தது சுமார் இரண்டு லட்சம். தேர்தல் நாள் காலையில்கூடக் காண்டர் வாஷிங்டனில் இருந்தார். அன்று இரவு பிராட் 55 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். 2012 பிரைமரியில் சுமார் 47,000 பேர் ஓட்டளித்த இடத்தில் இப்போது 65,000 பேர் திரண்டிருந்தார்கள். வரப்போகிறவர்கள் யார் என்றே கணிப்புக்குத் தெரியவில்லை.

2018-இல் நியூயார்க்கின் பதினான்காவது தொகுதியிலும் இதே கதை. பத்து முறை ஜெயித்த ஜோ கிரௌலி 36 புள்ளி முன்னணி என்று தம் கணிப்பை நம்பினார். ஒரு விவாதக் கூட்டத்துக்குத் தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பினார். அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் என்ற இருபத்தெட்டு வயதுப் பெண் அவரைத் தோற்கடித்தார். அதே ஆண்டு பாஸ்டனில், கோடையில் எடுத்த கணிப்பில் 13 புள்ளி பின்தங்கியிருந்த அயன்னா பிரெஸ்லி, செப்டம்பரில் 17 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இவற்றைச் சமாதானமாகச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. வெள்ளத்தில் நீந்திக் கரையேறிய மூவரைக் காட்டி, ஆற்றில் ஆழமே இல்லை என்று சொல்லலாமா? கணிப்பைப் பார்த்துப் பயந்து மனுவே போடாதவர்கள், பாதியில் விலகியவர்கள், பணமின்றி மடங்கியவர்கள் யாருடைய பெயரும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடர்கதை எழுதினேன். இரண்டு அத்தியாயம் வந்ததுமே, "கதாநாயகி பிடிக்கவில்லை என்று கடிதங்கள் வருகின்றன, எட்டு வாரத்தில் முடித்துவிடுங்கள்" என்றார் ஆசிரியர். அவள் வாய் திறந்து பேசப்போவது பத்தாவது அத்தியாயத்தில்! வாசகர்கள் பொய் சொல்லவில்லை; அவர்களைக் கேட்ட நேரம்தான் தப்பு.

கணிப்பைத் தடை செய்யச் சொல்ல நான் வரவில்லை. கேட்பதும் சொல்வதும் அவரவர் உரிமை. ஆனால் யார் காசில் கேட்டீர்கள், எத்தனை பேரைக் கேட்டீர்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரே தெரியாது, எத்தனை பேர் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதையெல்லாம் முன்னணி எண்ணுக்குச் சமமான எழுத்தில் அச்சிடட்டும். அதைச் செய்யாத பத்திரிகை செய்தி தரவில்லை. ஒருவருக்காக ஓட்டுக் கேட்கிறது.

நண்பர் யோசித்துவிட்டு, "அப்படியானால் பதம் பார்க்கவே கூடாதா?" என்றார்.

பார்க்கலாம். உலை கொதிக்கட்டும், அதுவரை அடுப்பில் கை வைக்காதீர்கள்.