மண்வெட்டியோடு போன மாணவர்கள் எதைக் கற்று வந்தார்கள்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி எமது நாட்டைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. கம்பளை போன்ற நகரங்களில் வெள்ளம் வடிந்த பின்னர் வீடுகளுக்குள் சேறு மட்டுமே மிஞ்சியது. அந்த நாட்களில் பள்ளிவாசல்கள் இன, மத பேதம் பாராமல் சமைத்துக் கொடுத்தன. தூர மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் பஸ்களிலும் லொறிகளிலும் போய் முன்பின் அறியாதவர்களின் வீடுகளைக் கழுவிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் பலரும் அவர்களோடு நின்றார்கள். அவர்களது உழைப்பை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.

சேறு காய்ந்து மாதங்கள் கடந்துவிட்ட நிலையில், ஓர் ஆசிரியன் என்ற வகையில் என்னிடம் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. மண்வெட்டியோடு போன அந்த மாணவர்கள் எதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள்?

அனர்த்தம் நடந்த அன்று இந்தக் கேள்விக்கு இடமில்லை. அன்று தேவைப்பட்டது கைகள்தான். ஆனால் அடுத்த வாரமே அந்த வீடுகளில் வேறு தேவைகள் தொடங்கிவிட்டன. வீட்டைச் சுத்தப்படுத்துவதற்கு அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபாவைப் பெறுவது எப்படி? வெள்ளத்தில் போன காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது? மண்சரிவு எச்சரிக்கை அந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு, எந்த மொழியில் வந்து சேர்ந்தது? வந்த பின்னரும் அவர்கள் ஏன் வெளியேறவில்லை? சட்டம் படிக்கும் மாணவருக்கும் பொறியியல் படிக்கும் மாணவருக்கும் சமூகவியல் படிக்கும் மாணவருக்கும் இவற்றுள் ஒவ்வொரு பாடம் காத்திருந்தது. அந்தப் பாடத்தைப் படிக்க இரண்டாம் முறை போகவேண்டும். பெரும்பாலும் நாம் முதல் முறையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இது அனர்த்த காலத்துக்கு மட்டும் உரிய குறையல்ல. முஸ்லிம் மஜ்லிஸ்களும் பீட மாணவர் சங்கங்களும் வருடாந்தம் நடத்தும் சமூக சேவைத் திட்டங்களை எடுத்துக்கொள்வோம். உயர்தர மாணவர்களுக்கான இலவசக் கருத்தரங்கு, இரத்ததான முகாம், உலர் உணவுப் பொதி, பாடசாலை உபகரணம், சுவருக்கு வர்ணப்பூச்சு. இவை எல்லாம் நல்ல காரியங்களே. கருத்தரங்குகளால் பயனடைந்து இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களையும் நான் அறிவேன். ஆயினும் இவற்றில் பெரும்பாலானவற்றில் மாணவர் கொடுப்பவராகவும் ஊர் வாங்குவதாகவும் மட்டுமே இருக்கிறது. ஊருக்கும் கற்றுக்கொடுக்க ஏதாவது இருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

எனது அனுபவத்தைச் சொல்கிறேன். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் உள்ள எமது பாடசாலைக்குச் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாணவர் குழு வந்தது. ஒரு வெற்று அறைக்கு நிறம் பூசி, அலுமாரி வைத்து, நூல்களை அடுக்கி, 'வாசிப்பு அறை' என்று பெயர்ப்பலகையும் மாட்டினார்கள். நாடா வெட்டப்பட்டது, புகைப்படம் எடுக்கப்பட்டது, அன்று மாலையே பஸ் புறப்பட்டது. நூல்கள் தொலைந்தால் கணக்கெடுப்பில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் நாம் அலுமாரியைப் பூட்டினோம். அது பூட்டியே கிடந்தது. தவறு அவர்களுடையது மட்டுமல்ல, எங்களுடையதும்தான். அவர்கள் திரும்பி வரவில்லை, நாங்களும் அழைக்கவில்லை.

கடந்த வருடம் இன்னொரு குழு வந்தது. ஆறு பேர். பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுப்பதே அவர்களது திட்டம். ஆனால் அவர்களது விரிவுரையாளர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: இருபது வீடுகளுக்குப் போய்ப் பேசி முடிக்கும்வரை ஒரு பொருளும் வாங்கக்கூடாது. ஊர் வழி காட்ட நானும் கூடப் போனேன்.

ஒன்பதாவதோ பத்தாவதோ வீட்டில், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகன் ஏன் அடிக்கடி பாடசாலைக்கு வருவதில்லை என்று ஒரு மாணவி கேட்டார். பையும் கொப்பியும் இல்லாததுதான் காரணமா என்றும் கேட்டார். அந்தத் தாய் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

"பை இல்லாம அவன் நிக்கல்ல மகள். அவனுக்கு வாசிக்கத் தெரியா. வகுப்புல எழுப்பி வாசிக்கச் சொல்லுவாங்க எண்டு பயம்."

அந்தப் பிள்ளை எனது பாடசாலைப் பிள்ளை. இடாப்பில் அவனுக்கு எதிரே சிவப்புக் கோடு போட்டவர்களில் நானும் ஒருவன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த வாசற்படியில் அந்த மாணவியும் நானும் ஒரே பாடத்தைத்தான் படித்தோம்.

புத்தகப் பைத் திட்டம் கைவிடப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வாசிப்பில் தடுமாறும் பதினொரு பிள்ளைகளை இனங்கண்டு, மூன்று மாதங்கள் சனிக்கிழமை தோறும் காலையில் அந்த மாணவர்கள் வந்தார்கள். கடைப் பொருட்களின் உறைகள், பஸ் பெயர்ப்பலகை, மீன் விலை எழுதிய அட்டை என்று பிள்ளைகளுக்குப் பழகிய எழுத்துகளிலிருந்து தொடங்கினார்கள். பூட்டிக் கிடந்த அலுமாரியும் திறந்தது. மூன்று மாத முடிவில் ஆறு பேர் ஒரு பந்தியைத் தாமாக வாசித்தார்கள். மூன்று பேர் இன்னும் எழுத்துக்கூட்டுகிறார்கள். இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் வாப்பாவுடன் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

மாணவர்கள் எழுதிய அறிக்கையின் பிரதியொன்று பாடசாலைக்கும் வந்தது. அதில் என்னைக் கவர்ந்தது, இடையில் நின்ற அந்த இரு பிள்ளைகளைப் பற்றிய பக்கம். தாங்கள் எந்த இடத்தில் தவறினோம், எதைப் பிந்திக் கண்டுகொண்டோம் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தல் பயிற்சிக்குப் போன நாட்களில், பாடக்குறிப்பின் கடைசியில் அன்று எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று எழுதும்படி எமது விரிவுரையாளர்கள் கேட்பார்கள். அன்று அதை ஒரு சுமையாகவே நினைத்தேன். அந்தச் சில வரிகள்தான் என்னை ஆசிரியனாக்கின என்று இப்போது விளங்குகிறது. சேவை கல்வியாக மாறுவதும் அந்த வரிகளில்தான். அது இல்லாவிட்டால் சேவை ஒரு நாள் நிகழ்ச்சியாகவே முடிந்துவிடும்.

இந்த முறை எமது நாட்டுக்குப் புதியதல்ல. 1958இல் கொழும்பு நாளந்தா கல்லூரியின் இளம் ஆசிரியராக இருந்த ஏ.ரி. ஆரியரத்ன, தனது மாணவர்களை கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கிராமம் அது. நகர்ப்புறப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து உழைத்தார்கள். அங்கிருந்துதான் சர்வோதய இயக்கம் பிறந்தது. சிரமதானம் என்ற சொல் நாடெங்கும் பரவியதில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. அந்தச் சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம். மக்களோடு தங்கிக் கற்றுக்கொள்வது என்ற பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம்.

பல்கலைக்கழகங்களுக்குள்ளும் இதற்கு முன்மாதிரி உண்டு. மருத்துவ மாணவர்கள் சமுதாய மருத்துவப் பாடத்துக்காக சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்குப் போய் வீடுகளைத் தரிசிக்கிறார்கள். அது அவர்களது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி, மதிப்பீடும் உண்டு. கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கைகள், தொழில்நுட்பம் படிப்போருக்கு மட்டும் அது ஏன் ஓய்வுநேர வேலையாக இருக்க வேண்டும்? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு திறமைப் புள்ளி என்பது 50 மணித்தியாலக் கற்றல். இரண்டு புள்ளிகளுக்கு 100 மணித்தியாலம். ஒரே ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைகள் போய், பேசி, உழைத்து, எழுதுவதற்கு அது போதும்.

இதில் எமது சமூகத்துக்கு ஒரு கடமையும் உண்டு. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் எல்லாம் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். அதாவது, எமது பிள்ளைகள் பலருக்கு அனுமதி கிடைத்ததில் அவர்களது திறமையோடு, ஊரில் ஆய்வுகூடம் இல்லாமையும் ஆசிரியர் பற்றாக்குறையும் கணக்கில் எடுக்கப்பட்டுள்ளன. எந்தக் குறைக்காக அந்த இடம் ஒதுக்கப்பட்டதோ, அந்தக் குறையோடு ஊர் இன்னும் இருக்கிறது. பட்டம் பெற்றவர் அதற்கு எதையாவது திருப்பிச் செலுத்த வேண்டாமா?

எனவே சில ஆலோசனைகளை முன்வைக்கிறேன். ஒவ்வொரு மஜ்லிஸும் வருடத்துக்கொரு ஊர் என்று அலையாமல், ஓர் ஊரையோ ஒரு பாடசாலையையோ குறைந்தது மூன்று வருடங்களுக்குப் பொறுப்பெடுக்கட்டும். திட்டத்தை எழுத முன்னர் வீடுகளுக்குப் போகட்டும். முடிவில் ஓர் அறிக்கை எழுதி, அதை விரிவுரையாளருக்குக் கொடுப்பது போல அந்த ஊர் மக்கள் முன்னிலையிலும் வாசிக்கட்டும். முஸ்லிம் ஊர்களோடு நின்றுவிடாமல் பக்கத்திலுள்ள தமிழ், சிங்களக் கிராமங்களுக்கும் போகட்டும். பரீட்சைக்காகப் படித்த சிங்களம் அங்கேதான் பேச்சாக மாறும். 2019க்குப் பின்னர் எம்மீது விழுந்த சந்தேகத்தின் நிழலையும் இத்தகைய பழக்கமே மெல்ல விலக்கும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் தனவந்தர்களும் பொதிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்த மாணவர்களின் போக்குவரத்துக்குக் கொடுக்கலாம். பாடசாலைகளாகிய நாமும் அலுமாரியைப் பூட்டாமல் இருக்க வேண்டும்.

பயனளிக்காத அறிவிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அறிவு பயனளித்ததா என்பதைப் பரீட்சைத் தாள் சொல்லாது. எமது ஊரில் அதைச் சொன்னவர் ஒரு தாய், அதுவும் வாசற்படியில் நின்றுகொண்டு.

எமது பாடசாலைக்கு வர அனுமதி கேட்டு இப்போதும் மாணவர் குழுக்களிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. என்ன கொண்டு வருவீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. இரண்டாம் முறை எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்கிறோம்.